மலையில காணி வாங்க முந்தி வெளிய போற ரோட்ட பாருங்க: காட்டுத்தீ பிடிக்கிற இடத்துல வீடு கட்டுறவங்களுக்கு முழு வழிகாட்டி

போன ஓகஸ்ட் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வெள்ளவத்தையில சித்தப்பா வீட்டு சாப்பாட்டு மேசையில ஒரு பிளான் விரிச்சு கிடந்துச்சு. பண்டாரவளைக்கு அங்கால ஒரு மலைச்சரிவ 42 துண்டா வெட்டி விக்கிறாங்க, ஒவ்வொண்ணும் 15, 20 பேர்ச்சஸ், சித்தப்பா 17ஆம் நம்பர் துண்டுக்கு அட்வான்ஸ் குடுக்க ரெடியா இருந்தார், போன்ல போட்டோ எல்லாம் காட்டினார், பனி, தேயிலை, தூரத்துல மலை, பார்க்க வடிவா இருந்துச்சு. நான் பிளான்ல இருந்த ரோட்ட மட்டும் விரலால தொட்டு தொட்டு போனேன். மெயின் ரோட்டுல இருந்து ஒரு மதகு, அதுக்கு அங்கால 15 அடி ரோட்டு, அது வளைஞ்சு வளைஞ்சு மேல போய் 42ஆம் நம்பர் துண்டுல முடியுது. அதுக்கு மேல பச்சைக் கலர்ல பைனஸ் காடு. வேற வழி ஒண்ணுமே இல்ல.

"என்ன மகள், வியூவ பாக்காம ரோட்டயே பாத்துட்டு இருக்கீங்க?"ன்னு சித்தப்பா கேட்டார். அதுக்கு நான் அன்னைக்கு சொன்னதையும் அதுக்கு பிறகு தேடிப் படிச்சதையும் சேர்த்துதான் இத எழுதுறேன், ஏன்னா கொழும்புல நமக்கு தெரிஞ்ச குடும்பங்கள் நிறைய பேர் இப்ப எல்ல, அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்ல பக்கம் காணி பார்க்கிறாங்க. மண்சரிவ பத்தி கேக்கிறாங்க, தண்ணி, கரண்ட் பத்தி கேக்கிறாங்க, நெருப்பு வந்தா எப்படி வெளிய வாரதுன்னு கேட்ட ஒருத்தரையும் நான் காணல்ல.

நம்ம மலையில எப்ப, எப்படி பத்துது

கொழும்புல ஜூன், ஜூலையில மழை ஊத்துற நேரம் ஊவாவுல சரியான வறட்சி. தென்மேற்கு பருவக்காத்து மழைய எல்லாம் மேற்குப் பக்க மலையிலயே கொட்டிட்டு, அங்கால பக்கம் இறங்கும்போது வறண்ட காத்தா, பலமா இறங்கும். கிழக்குல கச்சான் காத்துன்னு சொல்றது இதத்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மானாப்புல்லு காஞ்சு வைக்கோல் மாதிரி நிக்கும், பைனஸ் மரத்துக்கு கீழ ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும், யூகலிப்டஸ்ல எண்ணெய் இருக்கு, பட்டை உரிஞ்சு தொங்கும். இதுல ஒரு பொறி விழுந்தா போதும்.

நம்ம நாட்டுல பெரும்பாலும் மனுஷங்கதான் நெருப்பு வைக்கிறது. மழைக்கு பிறகு மாட்டுக்கு இளம் புல்லு முளைக்கட்டும்ன்னு மானாவுக்கு வைக்கிறாங்க, வேட்டைக்கு வைக்கிறாங்க, காணி துப்புரவாக்க வைக்கிறாங்க, மலை ஏறப் போறவங்க சிகரட் துண்டு போடுறாங்க, இரவுல நெருப்பு மூட்டி சரியா அணைக்காம வாராங்க. இத சொல்றதுக்கு காரணம் இருக்கு: ஆக்கள் கூட வந்து குடியேறினா நெருப்பு பிடிக்கிற சந்தர்ப்பமும் கூடும். பத்தை காட்டுக்கு பக்கத்துல 42 வீடு வருதுன்னா எரியக்கூடிய வீடு 42 வருது, அதோட நெருப்பு தொடங்கக்கூடிய இடமும் 42 வருது.

ஆக்கள் எங்க செத்தாங்கன்னு பாருங்க

பெரிய காட்டுத்தீ கதைகள வாசிச்சா மனசு தாங்காது, ஆனா காணி வாங்குறவங்க தெரிஞ்சிருக்கணும். 2018 நவம்பர் 8ஆம் திகதி கலிபோர்னியாவுல பாரடைஸ்ங்கிற ஊர், சுமார் 26,000 பேர் இருந்த மலை ஊர். காலையில 6.30 போல பக்கத்து பள்ளத்தாக்குல பத்தின நெருப்பு 8 மணி ஆகும்போது ஊருக்குள்ள. 85 பேர் செத்துப்போனாங்க, 18,000க்கு மேல கட்டிடம் போச்சு. அந்த ஊர்ல வெளியேற்றத் திட்டம் இல்லாம இல்ல, ஊர வலயம் வலயமா பிரிச்சு, எந்த வலயம் முதல்ல போறதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. நெருப்பு எல்லா வலயத்துக்கும் ஒரே நேரத்துல வந்ததால எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்தாங்க, ரோட்டு நின்னு போச்சு. ஊருக்கு நடுவால போற ஸ்கைவே ரோட்டுல ஒரு பகுதிய சில வருஷத்துக்கு முந்திதான் 4 லேன்ல இருந்து 2 லேனா குறைச்சிருந்தாங்க.

அதே வருஷம் ஜூலை 23, கிரீஸ்ல ஏதென்ஸுக்கு கிட்ட மாட்டின்னு ஒரு கடலோர ஊர், 104 பேர். கடல் கண்ணுக்கு முன்னால இருக்கு, ஆனா ஒழுங்கா திட்டம் போடாம கட்டின ஊர், சின்னச் சின்ன ஒழுங்கைகள், நிறைய முட்டுச்சந்து, கடலுக்கு இறங்கிற வழியில மதிலும் கேட்டும். 26 பேர் கடலுக்கு கிட்டத்துல, வழி தெரியாம, ஒரே வளவுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் பிடிச்சபடி செத்து கிடந்தாங்க. போர்த்துக்கல்ல 2017 ஜூன் 17, பெட்ரோகாவ் கிராண்டே தீயில 66 பேர் செத்தாங்க, அதுல 47 பேர் ஒரே ஒரு ரோட்டுல, காருக்குள்ளயும் காருக்கு பக்கத்துலயும். 2023 ஓகஸ்ட் 8 ஹவாயில லஹைனா, 102 பேர், அங்க சைரன் அடிக்கவே இல்ல, கரண்ட் கம்பங்கள் விழுந்து ரோட்டுகள் அடைஞ்சு கிடந்துச்சு.

இந்த நாலு இடத்துலயும் பாருங்க, வழி அடைபட்டுப் போனதுதான் ஆக்கள கொண்டுபோயிருக்கு. அதனாலதான் வீட்டு பிளானுக்கு முந்தி ரோட்டு பிளான பாருங்கன்னு இவ்வளவு சொல்றேன்.

முதல் வேலை: வண்டிய எண்ணுங்க

இது மேசையில இருந்தே செய்யலாம், ஒரு பேனை போதும். எத்தனை துண்டு? ஒரு துண்டுக்கு எத்தனை வண்டி? லீவு வீடுன்னா ரெண்டு குடும்பம் ஒண்ணா போகும், அதனால வீட்டுக்கு 2 வண்டின்னு வைங்க. 42 வீட்டுக்கு 84 வண்டி. அதே ரோட்டால போற பழைய ஆக்களையும் எண்ணுங்க, சித்தப்பாட காணிக்கு கீழ தோட்டத் தொழிலாளர்ட லைன் வீடுகளும் ஒரு சின்ன கிராமமும் இருக்கு, அங்க த்ரீவீலும் பைக்கும் வேனுமா ஒரு 30. மொத்தம் 114.

இப்ப மதகடியில மெயின் ரோட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை வண்டி ஏறலாம்? இதுக்கு நான் கொழும்புலயே ஒரு காரியம் செஞ்சேன். எங்கட லேன் காலி வீதிக்கு ஏறுற இடத்துல, ஸ்கூல் போற நேரம், போன்ல நேரம் வச்சு பத்து நிமிஷம் நின்னு எண்ணினேன். நிமிஷத்துக்கு 6 வண்டி தாண்டல்ல. அது புகை இல்லாம, பயம் இல்லாம, தார் ரோட்டுல. அந்த 6ஐயே வைங்க: 114 வண்டிக்கு 19 நிமிஷம். பரவாயில்லையேன்னு சித்தப்பா சொன்னார்.

ஆனா அந்த மெயின் ரோட்டுக்கு போற அதே வழியில இன்னும் மூணு பேர் இதே மாதிரி காணி வெட்டி விக்க போர்டு போட்டிருக்காங்க. எல்லாம் இதே அளவுன்னு வச்சா 168 வீடு, 336 வண்டி, கீழ ஆக்களோட 366. ஒரு மணித்தியாலம். அதுவும் எல்லாரும் உடனே சாவிய எடுத்து இறங்கினா, ஒரு வண்டியும் நடுவுல நிக்காட்டி. காணி விக்கிற ஒவ்வொருத்தரும் தன்ட 42 துண்ட மட்டும்தான் கணக்கு காட்டுவார், நெருப்பு வார நாளையில எல்லார்ட கணக்கும் ஒரே மதகுல வந்து நிக்கும். இதுதான் இந்த விஷயத்துல எல்லாரும் தவற விடுற இடம்.

வெளிநாட்டுல இத கோர்ட்டு வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. கலிபோர்னியாவுல லேக் கவுண்டியில குவெனாக் பள்ளத்தாக்குன்னு ஒரு பெரிய வீட்டுத் திட்டம், சுமார் 1,400 வீடு. 2022 ஜனவரியில நீதிமன்றம் அதுக்கு குடுத்த அனுமதிய ரத்து செஞ்சுச்சு. புது ஆக்கள் தப்பிக்கிறது மட்டும் இல்ல, இவ்வளவு ஆக்கள் புதுசா வந்தா ஏற்கனவே சுத்துவட்டாரத்துல இருக்கிறவங்க தப்பி ஓடுறதுக்கு என்ன ஆகும்ன்னு சரியா ஆராயல்லன்னு சொல்லித்தான். லைன்ல இருக்கிற ஆக்கள நினைச்சு பாருங்க, அவங்க நூறு வருஷமா பாவிக்கிற ரோட்டு அது, நாம வியூவுக்கு வந்து அந்த ரோட்ட அடைச்சா அது நியாயமே இல்ல.

ரெண்டாவது வழி இருக்கா

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆக்களுக்கு இத விளக்க தேவையில்ல. மரைன் டிரைவ் வர முந்தி எங்கட லேன்கள் எல்லாம் ரெயில் பாதையில முட்டி நிக்கும், காலி வீதி அடைஞ்சா லேனுக்குள்ளயே கிடக்கணும். இப்ப ரெண்டு பக்கமும் திறந்திருக்கிற லேன்ல ஒரு பக்கம் அடைச்சா மத்த பக்கத்தால போயிடலாம். மலையிலயும் அதே கேள்விதான்: மத்த முனை எங்க திறக்குது?

அமெரிக்காவுல பல இடங்கள்ல பாவிக்கிற தீயணைப்பு விதியில 30 வீட்டுக்கு மேல போனா தனித்தனியா ரெண்டு பாதை கேக்கிறாங்க. பாதை 20 அடி தடையில்லாம இருக்கணும், முட்டுப்பாதை 150 அடிக்கு மேல போனா தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேணும். சித்தப்பாட 15 அடிய இதோட வச்சு பாருங்க. தண்ணி பவுசர் ஒண்ணு மேல ஏறினா கீழ இறங்கிற கார் எங்க ஒதுங்கிறது?

ரெண்டு வழின்னா ரெண்டும் வேற வேற பக்கம் திறக்கணும். ரெண்டும் கடைசியில அதே மதகுக்கு வந்தா அது ஒரு வழிதான். பிளான்ல காட்டுற ரெண்டாவது ரோட்டு நிலத்துல இருக்கான்னு நடந்து பாருங்க. நாங்க போய் பார்த்தா 42ஆம் துண்டுக்கு பின்னால பழைய தோட்டத்து ரோட்டு ஒண்ணு இருந்துச்சு, பிளான்லயே இல்ல, தேயிலைக்கு நடுவால போய் அங்கால பக்கம் மெயின் ரோட்டுல ஏறுது. நடுவுல இரும்பு கேட், பெரிய ஆமைப்பூட்டு, பூட்டு முழுக்க துரு. சாவி யார்கிட்டன்னு காணி விக்கிறவருக்கும் தெரியல்ல.

காணிய பார்க்க போற முறை

மழை விட்டு எல்லாம் பச்சையா இருக்கிற ஜனவரியில போய் பார்த்துட்டு வாங்காதீங்க. ஜூலை கடைசி, ஓகஸ்ட்ல போங்க, அந்த காத்த உடம்புல உணருங்க. பகல் ரெண்டு மணிக்கு போனா நல்லா விளங்கும்.

மதகுல இருந்து காணி வரைக்கும் நடங்க, காருக்குள்ள இருந்து பார்த்தா ஒண்ணும் விளங்காது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் என்ன வளர்ந்திருக்குன்னு பாருங்க, மானா தோள் உயரத்துக்கு நிண்டா அந்த ரோட்டு எரியுற நேரம் பாவிக்க ஏலாது. ரோட்டுக்கு மேலால சாய்ஞ்ச யூகலிப்டஸ், கரண்ட் வயர், இடிஞ்சு விழக்கூடிய மண் கரை, ரெண்டு வண்டி விலகக்கூடிய இடம், எல்லாத்தையும் போன்ல படம் எடுங்க.

சரிவ பாருங்க. நெருப்பு மேல ஏறும்போது வேகம் கூடும், 10 பாகை சரிவு கூடினா வேகம் ஏறத்தாழ ரெண்டு மடங்காகும். அதனால சரிவுக்கு மேல உச்சியில, கீழ புல்லும் காடும் இருக்கிற துண்டுதான் ஆபத்து கூடினது. வியூ நல்லம்ன்னு கூட விலை சொல்லி விக்கிறதும் அந்த துண்டுதான். ரெண்டு மலைக்கு நடுவுல பள்ளம் மாதிரி இறங்குற இடமும் கூடாது, காத்தும் நெருப்பும் புகைக்கூண்டு மாதிரி அதுவழியா ஏறும்.

பிறகு லைன்ல இருக்கிற வயசானவங்ககிட்ட கதைங்க. எந்த வருஷம் நெருப்பு வந்துச்சு, எந்தப் பக்கத்தால வந்துச்சு, எது வரைக்கும் வந்துச்சு, யார் அணைச்சாங்க. எங்களுக்கு ஒரு அம்மா தேயிலை எடுக்கிற கூடைய இறக்கி வச்சிட்டு, மலையில கருப்பா இருந்த ஒரு கோட்ட கையால காட்டினாங்க, "இந்தா பாருங்க, அந்த பாறை வரைக்கும் வந்துச்சு, நாங்க கொழைய வெட்டி அடிச்சு அடிச்சு அணைச்சோம், ராவு முழுக்க." அந்த பாறையில இருந்து 17ஆம் துண்டுக்கு ஒரு முந்நூறு அடிதான் இருக்கும்.

பேப்பர் வேலை

உறுதி, சேவயர் பிளான் எல்லாம் நொத்தாரிசுகிட்ட காட்டுவீங்கதானே, அவர்கிட்ட பாதை உரிமைய பத்தி தனியா கேளுங்க. ரோட்டு பிரதேச சபைக்கு ஒப்படைச்சதா, தனியார் ரோட்டா, தனியார்ன்னா எல்லா துண்டுக்கும் பாதை உரிமை உறுதியில எழுதியிருக்கா, பராமரிக்கிறது யார். ரெண்டாவது வழி தோட்டத்து நிலத்தாலயோ வேற ஒருத்தர்ட வளவாலயோ போகுதுன்னா வாய் வார்த்தை காணாது, எழுத்துல வேணும்.

மலை மாவட்டங்கள்ல கட்ட முந்தி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துட மண்சரிவு அறிக்கை கேப்பாங்க, அது கட்டாயம் எடுங்க, ஆனா அது மண்சரிவுக்கு மட்டும். நெருப்புக்கும் வெளியேறுற வழிக்கும் அது பதில் சொல்லாதுன்னு மனசுல வைங்க. ரெண்டுக்கும் தொடர்பும் இருக்கு: எரிஞ்ச சரிவுல வேர் பிடிப்பு போயிடும், ஓகஸ்ட்ல எரிஞ்ச மலையில ஒக்டோபர், நவம்பர் மழை விழும்போது மண்ணும் கல்லும் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையில லைன்கள மண் மூடினது அந்த மழை காலத்துலதான். அது நெருப்பால வந்தது இல்ல, ஆனா அந்த மாசத்துல அந்த மலைகள் எப்படி இருக்கும்ன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

பிரதேச சபையிலயும் கிராம சேவகர்கிட்டயும் கிட்டத்து ஃபயர் பிரிகேட் எங்க இருக்குன்னு கேளுங்க. நம்ம நாட்டுல தீயணைப்பு சேவை மாநகர சபை, நகர சபை மாதிரி உள்ளூராட்சி ஆக்கள்கிட்டதான் இருக்கு, பிரதேச சபை ஏரியாவுல அநேகமா இருக்காது. அந்த பெரிய வண்டி உங்கட மதகுல திரும்புமா, எவ்வளவு நேரத்துல வரும்? கொழும்புல இருக்கிற நமக்கு 110 அடிச்சா வண்டி வரும்ங்கிற பழக்கம், அந்த பழக்கத்த மலைக்கு கொண்டு போகாதீங்க.

வீட்ட எங்க வைக்கிறது, எதால கட்டுறது

காட்டுத்தீயில வீடுகள் பத்துறது பெரும்பாலும் நெருப்புச் சுவர் வந்து மோதி இல்ல, காத்துல பறந்து வார பொறியால. பொறி ஒரு கிலோமீற்றருக்கு மேலயும் பறக்கும். பீலியில கிடக்கிற காஞ்ச இலையில, ஓட்டுக்கு இடையில இருக்கிற குருவிக் கூட்டுல, வாசல்ல இருக்கிற கயித்து கால்மிதியில விழும், வீடு உள்ளுக்குள்ள இருந்து எரியும்.

அதனால வீட்டச் சுத்தி முதல் 5 அடி சுத்தமா வைங்க, சல்லிக்கல் இல்லாட்டி சீமெந்து, செடி வேணாம், விறகு வேணாம், கேஸ் சிலிண்டர் வேணாம். 30 அடி வரைக்கும் புல்ல கட்டையா வெட்டி, மரக்கிளைகள் ஒண்ணோட ஒண்ணு முட்டாம. 100 அடி வரைக்கும் அடர்த்திய குறைங்க. கலிபோர்னியாவுல இந்த அளவுகள்தான். இப்ப பாருங்க, 15 பேர்ச்சஸ்ன்னா 4,084 சதுர அடி, அதாவது சுமார் 51 அடிக்கு 80 அடி. 100 அடி உங்கட வளவுக்குள்ள அடங்கவே அடங்காது, பக்கத்து வீட்டுக்காரர்ட வளவுதான் உங்கட பாதுகாப்பு, உங்கட வளவுதான் அவர்ட. 15 பேர்ச்சஸ் துண்டா வெட்டின மலையில ஒருத்தர் மட்டும் கவனமா இருந்து ஒண்ணும் நடக்காது. வீடுகள் நெருங்கி இருந்தா ஒரு வீடு அடுத்த வீட்ட பத்த வைக்கும். லஹைனாவுலயும், 2025 ஜனவரியில லொஸ் ஏஞ்சல்ஸ்லயும் தெரு தெருவா போனது அப்படித்தான்.

கட்டும்போது சரிவு விளிம்புல இருந்து வீட்ட பின்னுக்கு இழுங்க. வியூவுக்காக சரிவுக்கு மேல நீட்டி பலகையில டெக் போடுறாங்க பாருங்க, அது கீழ இருந்து ஏறி வார நெருப்புக்கு நாமளே விரிச்சு வைக்கிற விறகு. வேணும்ன்னா கொங்கிரீட்ல போடுங்க, கீழ் பக்கத்த மூடுங்க. கூரைக்கு தகரமோ ஓடோ நல்லம், ஓரத்துல இடைவெளி இருந்தா சீமெந்தால அடைங்க. வெண்டிலேஷன் ஓட்டை எல்லாத்துக்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல போகாத கண்ணுள்ள இரும்பு வலை, பிளாஸ்டிக் நுளம்பு வலை உருகிடும். ஜூன் தொடக்கத்துல ஒருக்கா, பிறகு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பீலிய கூட்டுங்க. தண்ணி டாங்கிய உயரத்துல வச்சு, கரண்ட் இல்லாம தண்ணி இறங்குற மாதிரி பைப் போடுங்க, நெருப்பு நேரம் முதல்ல போறது கரண்ட், கரண்ட் போனா மோட்டர் ஓடாது.

காணிக்காரர் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டியது

வீடு கட்டி முடியும் வரைக்கும் காத்திருக்க வேணாம், அட்வான்ஸ் குடுக்கிற நேரம்தான் பேசுறதுக்கு பலம் உள்ள நேரம். ரெண்டாவது வழி, 20 அடி அகலம், திரும்பிற இடம், எரிய ஒண்ணும் இல்லாத ஒரு திறந்த வெளி, இத எல்லாம் விக்கிறவர்கிட்ட அப்பவே கேளுங்க. முழுக் காசும் குடுத்த பிறகு கேட்டா ஆள் போனையும் தூக்க மாட்டார்.

வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு போடுங்க, லைன்ல இருந்தும் கிராமத்துல இருந்தும் ரெண்டு பேரையாவது சேருங்க, ஏன்னா நெருப்ப முதல்ல காண்றது அவங்கதான், நாம வெள்ளவத்தையில இருப்போம். ஆனா வாட்ஸ்அப்ப மட்டும் நம்பாதீங்க, டவர் போனா மெசேஜ் வராது, தோட்டத்துல காலையில ஆக்கள வேலைக்கு கூப்பிட பெரட்டுக்கு அடிக்கிற மாதிரி ஒரு மணியோ இரும்புத் துண்டோ தொங்க விடுங்க, எத்தனை தரம் அடிச்சா என்ன அர்த்தம்ன்னு எல்லாரும் பேசி வைங்க. வண்டி இல்லாதவங்க, நடக்க ஏலாதவங்க யார் யார், அவங்கள எந்த வண்டி ஏத்தும், இது பேர் பேரா எழுதி இருக்கணும். பாரடைஸ்ல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க வயசானவங்க. வருஷத்துக்கு ஒருக்கா ஜூன்ல எல்லாரும் ஒரே நேரத்துல வண்டிய எடுத்து மதகு வரைக்கும் ஓடிப் பாருங்க, எங்க முட்டுதுன்னு அன்னைக்கு விளங்கும்.

குடும்பத்துக்குள்ள முடிவு பண்ணி வைக்க வேண்டியது

எப்ப கிளம்புறது? இத நெருப்ப கண்ட பிறகு யோசிக்க ஏலாது. அவுஸ்திரேலியாவுல 2009 பெப்ரவரி 7ஆம் திகதி நெருப்புல 173 பேர் செத்த பிறகு அங்க சொல்ற முறையே மாறிச்சு, ஆக மோசமான நாளையில நெருப்பு வர முந்தியே, முந்தின நாள் இரவே இல்லாட்டி காலையிலயே கிளம்பிடுங்கன்னு சொல்றாங்க. எங்கட வீட்டு முடிவு இப்படி: எதிர் மலையில புகை தெரிஞ்சு காத்து நம்ம பக்கம் வீசினா குழந்தைகளும் அம்மம்மாவும் ஒரு வண்டியில உடனே போறது, யார்கிட்டயும் கேக்கிறதில்ல. நம்ம மலையில நெருப்பு தெரிஞ்சா மத்தவங்களும் போறது. பெட்டி கட்டுறதில்ல, கதவுக்கு பின்னால ஒரு பை மட்டும்: ஐ.டி., உறுதி கொப்பி, மருந்து, டோர்ச், தண்ணி, பருத்தி உடுப்பு, சப்பாத்து. வண்டி எப்பவும் ரோட்டுப் பக்கம் முகம் பார்த்து நிக்கணும், டாங்கி பாதிக்கு கீழ போகக்கூடாது. அடிக்க வேண்டிய நம்பர்: 110 ஃபயர், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். வீட்ட விருந்தாளிங்களுக்கு வாடகைக்கு குடுக்கிறதுன்னா ரெண்டு வழியையும் கையால வரைஞ்சு, மூணு மொழியிலயும் எழுதி, வாசக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க.

வழி அடைஞ்சு போனா என்ன செய்றது? காருக்குள்ள மாட்டினா புல்லு இல்லாத வெறும் நிலத்துல, முன்பக்கம் நெருப்பு வார பக்கம் பார்க்க நிப்பாட்டுங்க, கண்ணாடி, ஏசி காத்து வார வழி எல்லாம் மூடுங்க, ஜன்னலுக்கு கீழ குனிஞ்சு கம்பளி போர்வையால மூடிக்கொள்ளுங்க, நைலோன் வேணாம், உருகி உடம்புல ஒட்டும். இறங்கி ஓடாதீங்க, நெருப்புட வெப்பம்தான் ஆள கொல்றது. நெருப்பு முன்வரிசை கடந்து போன பிறகு, ஏற்கனவே எரிஞ்ச நிலத்துக்கு போங்க. வீட்டுக்குள்ள மாட்டினா நெருப்பு வார பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறையில இருங்க, வெளிய போற கதவு ஒண்ணு அந்த அறைக்கு கிட்ட இருக்கணும், குளியலறைக்குள்ள பூட்டிக்கொண்டு இருக்காதீங்க. கார் கடைசி வழி, காரவிட சீமெந்து கட்டிடம் நல்லம், அதுக்கும் மேல நல்லது முந்தியே போயிருக்கிறது.

கொழும்புலயே இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை

நம்ம ஊர்ல காட்டுத்தீ இல்ல, ஆனா வத்தைகள்ல, அதாவது நெருக்கமா இருக்கிற சின்ன வீட்டு வரிசைகள்ல, இருக்கிறவங்களுக்கு கதை இதேதான். 2022 செப்டம்பர்ல தொட்டலங்க கஜீமாவத்தையில பலகையும் தகரமுமா நெருங்கி இருந்த வீடுகள் வரிசையா எரிஞ்சு போச்சு. ஒழுங்கை முனையில த்ரீவீல நிப்பாட்டாதீங்க, பின்பக்க மதில்ல இருந்த சின்ன கேட்ட கள்ளனுக்கு பயந்து சீமெந்து வச்சு அடைக்காதீங்க, பூட்டு போடுங்க, சாவி ரெண்டு மூணு வீட்டுல இருக்கட்டும். பிளட்ல இருக்கிறவங்க படிக்கட்டுல சைக்கிள், சப்பாத்து ராக்கை எல்லாம் எடுத்திடுங்க.

சித்தப்பா என்ன செஞ்சார்ன்னு கேப்பீங்க. அட்வான்ஸ நிப்பாட்டி வச்சார். காணி பார்த்த மத்த குடும்பங்கள தேடிப்பிடிச்சு 11 பேரா போய் விக்கிறவர சந்திச்சாங்க, அவர் முதல்ல கோவப்பட்டார், பிறகு மேல ரெண்டு துண்ட விக்காம விட்டு திரும்பிற இடத்துக்கும் திறந்த வெளிக்கும் ஒதுக்கினார், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வளவு எல்லைய உள்ளுக்கு தள்ளினார். தோட்டத்து ஆக்களோட கதைச்சு அந்த பழைய ரோட்ட ஆபத்து நேரம் பாவிக்க எழுத்துல அனுமதி எடுக்க நாலு மாசம் போச்சு. துரு பிடிச்ச பூட்ட வெட்டி புதுசு போட்டாங்க, புறக்கோட்டையில ஒரு சாவிக் கடையில 20 சாவி வெட்டினோம், அதுல 4 லைன் ஆக்களுக்கு, ஒண்ணு அந்த கூடை வச்சிருந்த அம்மா வீட்டுக்கு. சித்தப்பாட சாவி வெள்ளவத்தை வீட்டுல, கார் சாவி தொங்குற அதே ஆணியில தொங்குது.